பேய்க்குக் கொடுத்த வாக்கு

1

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கடை கிடையாது, சத்தமும் கிடையாது. சுவரில் ஓர் ஆணி அடித்தால்கூட மாடிவீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். அப்படியொரு ஞாயிறு காலையில், டோர்ட்முண்டில் எங்கள் வீட்டுச் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மாவு. போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தேன். கறம்பக்குடியிலிருந்து என் தங்கை செல்வி பேசினாள்.

“அக்கா, கயலுக்குப் பேய் புடிச்சிருக்குக்கா.”

கயல் செல்வியின் மகள். வயது பத்தொன்பது. புதுக்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த என் மகள் யாழினி தலையைத் தூக்கினாள். ஆறு வயதில் இங்கே வந்தவள், இப்போது பதினான்கு. தமிழ் புரியும். ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் புரியும்.

“கயல் அக்காவுக்குப் பேய் பிடிக்குமா? எனக்கும்தான்! எந்த சீரிஸ் பாக்குறாங்கன்னு கேளும்மா!”

வேறொரு நாளாக இருந்தால் செல்வி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்று அந்தப் பக்கம் மூச்சு மட்டும்தான் கேட்டது.

கயலுக்கு நிச்சயம் முடிந்து சில வாரம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை செல்வி கணவரின் அக்கா மகன். நிச்சயத்துக்குப் பிறகு அவள் சாப்பிடுவது குறைந்தது, பேச்சு குறைந்தது, பிறகு நின்றே போனது. முந்தின நாள் தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்து, அடித்தொண்டையில் ஆம்பிளைக் குரலில் கத்தினாளாம்.

“வர்ற அமாவாசைக்குக் கோடாங்கிகிட்ட கூட்டிக்கிட்டுப் போறோம். ஒனக்கு அன்னைக்குச் சரியாப் போச்சுல்ல? அப்பாதான் சொன்னாரு. ‘தேனுக்கு அப்புடித்தானே ஓட்டுனோம், இன்னைக்கு அவ ஜெர்மனில இருக்கா’ன்னு.”

தோசை கருகியது. நான் அதை எடுக்கவில்லை.

2

ஊரில் இருப்பவர்களுக்கு என் பிழைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியாக இருக்கிறேன். என் கணவர் சேகர் திருச்சிக்காரர், இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. காலை ஆறு மணி ஷிப்டுக்கு இருட்டோடு டிராம் ஏறுவேன். மதியம் திரும்பிச் சமைத்து, துணி மடித்து, யாழினி பள்ளியிலிருந்து வந்தால் அவள் பெரும்பாலும் ஜெர்மனில் கேட்பதற்கு நான் தமிழில் பதில் சொல்வேன். எங்கள் வீட்டில் உரையாடல் என்பது இரண்டு தண்டவாளம் மாதிரி ஓடும்.

இந்த மொழி என்னைக் கொஞ்சநஞ்சம் படுத்தவில்லை. வந்த புதிதில் ஒருநாள் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது. ஜெர்மனில் விருந்தாளிக்கு ‘காஸ்ட்’, பேய்க்கு ‘கைஸ்ட்’. நான் மேற்பார்வையாளரிடம் போய், “இன்று மாலை என் வீட்டுக்கு இரண்டு பேய்கள் வருகின்றன, நான் சமைக்க வேண்டும்” என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் முகத்தில் சிரிப்பே இல்லாமல், “காரம் சாப்பிடுமா?” என்று கேட்டார். இன்றைக்கும் நான் விடுப்புக் கேட்டால், “பேய்கள் வருகின்றனவா?” என்றுதான் விசாரிப்பார்.

யாழினியும் நானும் ஒன்றாக உட்காருவது பேய்க்கு முன்னால் மட்டும்தான். சனிக்கிழமை மாலை என் முறை. தமிழ்த் தொடர் ஒன்று. கொல்லப்பட்ட மூத்த மருமகள், அதே வீட்டின் இளைய மருமகள் உடம்பில் வந்து இறங்கிப் பழிவாங்கிக்கொண்டிருப்பாள். ஞாயிறு மாலை அவள் முறை. ஒரு மலை ஊரில், இறந்துபோன பெண் ஒருத்தி பழைய பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேற முடியாமல் அலைவாள். அந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, அன்று என்ன நடந்தது என்று அவள் முன்னால் சொல்ல வேண்டும். சொன்னவன் அடுத்த பாகத்தில் வேறு ஆளாக இருப்பான். சொல்லாதவன் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பான்.

“நாலு பேர் உக்காந்து பேசுறதுக்கு எதுக்குடி ஒரு பேய்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பேச வைக்கத்தாம்மா பேய்” என்றாள். பிறகு, “உன் சீரியல்லதான் யாருமே மாற மாட்டேங்கிறாங்க. அந்தப் பாட்டி முதல் நாள் எப்படி முறைச்சாங்களோ இன்னைக்கும் அப்படியே முறைக்கிறாங்க” என்றாள்.

அது உண்மைதான். எங்கள் தொடர்களில் ஒருத்தி உயிரோடு இருக்கும்வரை அழுவாள். செத்த பிறகுதான் நிமிர்ந்து நடப்பாள், எதிர்த்துப் பேசுவாள், வீடே அவள் சொன்னதைக் கேட்கும். பழி தீர்ந்ததும் வெளிச்சமாகி மேலே போய்விடுவாள். கீழே அதே வீடு, அதே கூடம், அதே ஆட்கள். அவள் ஏன் செத்தாள் என்று அந்த வீட்டில் ஒருவரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள். நான் வாரம் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் பார்க்கிறேன் என்று என்னை நானே கேட்டதில்லை.

3

எனக்குப் பதினேழு வயதில் நடந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தேன். எனக்கு நர்சிங் படிக்க ஆசை. வீட்டில் மாமன் மகனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். வேண்டாம் என்றேன். அம்மாவிடம் சொன்னேன், பெரியப்பாவிடம் சொன்னேன், அப்பா கடலைக் காட்டுக்குப் போகும்போது கூடவே நடந்துபோய்ச் சொன்னேன். “சரி சரி, போயி வேலையைப் பாரு ஆத்தா” என்றார். ஒருநாள் சோற்றுத் தட்டை எறிந்துவிட்டுக் கத்தினேன். அழுது அழுது தொண்டை கட்டியிருந்ததால் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவ்வளவுதான். புளியமரத்து முனி அடித்துவிட்டது, கிணற்றில் விழுந்தவள் பிடித்துவிட்டாள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

கோடாங்கி என்றால் உடுக்கை அடித்துக் குறி சொல்பவர், பேயோட்டுபவர். அவர் வீட்டு முற்றத்தில் என்னை அவர் எதிரில் உட்கார வைத்தார்கள். சுற்றிலும் சாம்பிராணிப் புகை, எங்கள் தெருவே திரண்டு நின்றது. அவர் என் உச்சி முடியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டார், “நீ யாரு?”

“தேன்மொழி.”

வேப்பங்குச்சியால் அடி விழுந்தது.

“பொய் சொல்றியா? நீ யாரு?”

“தேன்மொழிதான்யா.”

மறுபடி அடி. பெயரைச் சொல்லச் சொல்ல அடி பலமானது. முடியைப் பிடுங்கிய இடத்தில் ரத்தம் வந்தது. இன்றும் அங்கே ஒரு ரூபாய் அளவுக்கு முடி முளைக்கவில்லை. கடைசியில் அவரே எடுத்துக் கொடுத்தார், “நீ கெணத்துல விழுந்தவதானே?”

“ஆமா” என்றேன்.

அடி நின்றது. உடுக்கை நின்றது. கூட்டம் ஓர் அடி பின்னால் போனது. அவர் குரலே மாறிவிட்டது.

“ஒனக்கு என்னம்மா வேணும்?”

அந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. சாதாரணமாகப் பேய் கோழி கேட்கும், சேலை கேட்கும். எனக்கு மூளை பளிச்சென்று வேலை செய்தது. கட்டிப்போன அதே குரலில் சொன்னேன், “இந்தப் புள்ளையைப் படிக்க வைக்கணும். படிச்சு வேலைக்குப் போற வரைக்கும் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. எடுத்தீங்கன்னா மாப்புள்ளயைத் தூக்கிருவேன்.”

என் அப்பா, கடலைக் காட்டுப் பாதையில் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத அப்பா, கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தார்.

“சரி தாயி. சத்தியமாப் படிக்க வைக்கிறேன். என் புள்ளைய விட்டுரு.”

அந்த வாக்கை அவர் மீறவில்லை. நிலத்தை ஒத்திக்கு வைத்து என்னைத் திருச்சியில் நர்சிங் சேர்த்தார். நான் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் படிப்பு நின்றுவிடும் என்ற பயம் முதலில். பிறகு கல்யாணம், வேலை, விமானம் என்று வருடங்கள் ஓடின. அம்மா தெரியாமலே இறந்துபோனார். எங்கள் குடும்பத்தில் அது பெருமையான கதையாகிவிட்டது. அந்தக் கதையை நம்பித்தான் இப்போது கயலை அதே முற்றத்துக்குக் கூட்டிப் போகப் போகிறார்கள்.

4

போனை வைத்த பிறகு யாழினி விடவில்லை. “பேய் பிடிச்சிருக்குன்னா என்னம்மா? ஏன் உன் முகம் இப்படி இருக்கு?”

பதினான்கு வயதுப் பெண்ணிடம் சொல்லலாமா என்று சேகரைப் பார்த்தேன். அவருக்கே பாதிதான் தெரியும். “சொல்லு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சொன்னேன். தலைமுடியை விலக்கிக் காட்டினேன்.

யாழினிக்கு முதலில் வந்தது கோபம். என் மேல்தான். “அப்புறம் எப்படிம்மா அந்த சீரியலைப் பாத்துச் சிரிச்ச? அதுல அந்தப் பொண்ணைக் கட்டிப்போட்டு அடிக்கிறாங்களே, அதைக்கூடப் பாத்தியே!”

“அவ திருப்பி அடிக்கிறதைப் பாக்கத்தான் காத்துக்கிட்டிருந்தேன்னு நினைக்கிறேன்” என்றேன்.

கொஞ்ச நேரம் தோசையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு பாதி ஜெர்மனிலும் பாதி தமிழிலுமாகக் கேட்டாள். “தாத்தாவுக்கு அது நீதான்னு தெரியாதுல்ல? அப்ப அவர் எப்படி மாறுவார்? அவருக்கு மாற சான்ஸே குடுக்கலையேம்மா நீ.”

என் மகள் என்னை விட்டுத் தள்ளிப்போகிறாள், தமிழை விடுகிறாள் என்று கவலைப்பட்டு இதே பத்திரிகைப் பத்தியில் முன்பு எழுதியிருக்கிறேன். அன்று அவள் எனக்கு மிகவும் பக்கத்தில் இருந்தாள். அவள் தொடரில் வருகிற மாதிரி ஓர் அத்தியாயத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. எங்கள் ஊரில் எழுபது வயது மனிதர் தன் வாழ்க்கையின் பெருமையை ஒருத்தி வந்து சொன்னதும் கழற்றி வைத்துவிட மாட்டார். ஆனாலும் போவது என்று முடிவு செய்தேன். கயலை அந்தப் புகைக்கு நடுவில் உட்கார விடமாட்டேன். அதற்கு என் கதையை நான் உடைக்க வேண்டும் என்றால் உடைக்கிறேன்.

5

முடிவு செய்தால் போதுமா? என் குடியிருப்பு அட்டை காலாவதியாகியிருந்தது. புதியது அச்சாகி வரவில்லை. அது வரும்வரை பயணம் செய்ய ஒரு தற்காலிகத் தாள் தருவார்கள். அதன் ஜெர்மன் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘கற்பனைச் சான்றிதழ்’. கிண்டல் இல்லை, சட்டப்பெயரே அதுதான். அதற்கு முன்பதிவு செய்ய அடுத்த மாதம்தான் நாள் கிடைத்தது. நான் கதவு திறப்பதற்கு முன்பே போய் அலுவலக வாசலில் நின்றேன்.

“அவசரம் என்ன?” என்று அதிகாரி கேட்டார்.

“குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு உடல்நலமில்லை.”

“என்ன நோய்?”

என் ஜெர்மன் அங்கே நின்றுவிட்டது. தெரிந்த ஒரே சொல் என் பழைய ‘கைஸ்ட்’. அதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டேன். “அவள் பேசுவதில்லை. அவளைப் பேசவும் விடுவதில்லை” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். தாளை எடுத்து முத்திரை குத்தினார். வேலையிடத்தில் என் மேற்பார்வையாளரிடம் விடுப்புக் கேட்டேன். வழக்கமான கேள்வியைக் கேட்க வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள்” என்றார்.

6

திருச்சி விமான நிலையத்திலிருந்து புதுக்கோட்டை வழியாகக் கறம்பக்குடி. அமாவாசைக்கு இன்னும் நாள் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்க்கும் அதே தொடர். செல்வி, அவள் கணவர் முருகேசன், அப்பா மூன்று பேரும் அதன் எதிரில். கயல் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தேன். திரும்பவில்லை, ஆனால் என் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

கூடத்துக்கு வந்து டிவியை அணைத்தேன்.

“இவளை டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போறேன்” என்றேன். “கோடாங்கி வேண்டாம்.”

முருகேசன் உரக்கடை வைத்திருக்கிறார். கெட்டவர் இல்லை. மகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். “அக்கா, நீங்க அங்கிட்டு இருக்கீங்க, ஒங்களுக்குப் புரியாது” என்று மெதுவாக ஆரம்பித்தார். “மனநல டாக்டர்கிட்டப் போனா பைத்தியம்னு பேரு வந்துரும். அந்தப் பேரு சாகுற வரைக்கும் போகாது. கோடாங்கிகிட்டப் போனா, பேய் புடிச்சுச்சு, போயிருச்சு. அதோட முடிஞ்சுச்சு. எங்க அக்கா வீட்லயும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. ஊரில் பேய் பிடிப்பதற்கு ஒரு கௌரவம் இருக்கிறது. அதில் யார் மேலும் குற்றம் இல்லை.

“ஒனக்கே சரியாப் போச்சே ஆத்தா” என்றார் அப்பா. “நீயே வேண்டாங்கிறியே?”

“எனக்குப் பேய் புடிக்கவே இல்லப்பா.”

அப்பாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

“அன்னைக்குப் பேசுனது நாந்தான். எம் பேரைச் சொன்னேன், அடிச்சாங்க. மறுபடி சொன்னேன், மறுபடி அடிச்சாங்க. அந்தாளே ஒரு பேரை எடுத்துக் குடுத்தாரு, ஆமான்னுட்டேன். படிக்க வைன்னு கேட்டது கெணத்துல விழுந்தவ இல்ல. நான்.”

செல்வி எழுந்துவிட்டாள். “பொய் சொல்லாதக்கா. நான் பக்கத்துல வெளக்கைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். ஒன் கண்ணு அன்னைக்கு மனுசக் கண்ணா இல்ல.”

“பயந்த கண்ணுடி அது. இன்னைக்குக் கயல் கண்ணைப் போயிப் பாரு.”

அவள் உள்ளே போகவில்லை. சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முருகேசன், “எங்க காரியத்தைக் கெடுக்கத்தான் இம்புட்டுத் தூரம் வந்தீங்களா?” என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“காட்டுக்குப் போறப்ப எங்கூட நடந்து வந்து சொன்னியே” என்றார். “படிக்கணும்னு.”

“ஆமாப்பா.”

“நீ சொன்னப்ப நான் கேக்கல. பேய் சொன்னுச்சுன்னதும் கேட்டுட்டேன்.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட்டபோதும் வரவில்லை.

காலையில் நான் கயலுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“எந்த ஆஸ்பத்திரி? நானும் வாரேன்.”

7

நான் டோர்ட்முண்டுக்குத் திரும்பிவிட்டேன். கயல் மாத்திரை சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், இந்த வாரத்திலிருந்து மறுபடி கல்லூரி பஸ் ஏறுகிறாள். கல்யாணம் நின்றதா, தள்ளிப் போனதா என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முருகேசன் என்னோடு பேசுவதில்லை. ஆனால் மகளை மருத்துவரிடம் கூட்டிப்போக மோட்டார் சைக்கிளை எடுக்கிறார். செல்வி ஒருநாள் போனில், “அன்னைக்கு ரொம்ப வலிச்சுச்சாக்கா?” என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் முதன்முறையாக. “வலிச்சுச்சுடி” என்றேன். இரண்டு பேரும் அழுதோம்.

இதை என் பெயரோடு வெளியிடத்தான் போகிறேன். எங்கள் தெருவில் இதைப் படித்து வருத்தப்படுகிறவர்கள் இருப்பார்கள். படட்டும். அன்று என் பெயரைச் சொன்னதற்குத்தான் அடி வாங்கினேன். இப்போது அந்தப் பெயரில்தான் எழுதுவேன்.

அந்த மருத்துவமனைக் காலையைச் சொல்லி முடிக்கிறேன். புதுக்கோட்டையில் புறநோயாளிகள் பிரிவு. டோக்கன் வாங்கி, பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து, எங்கள் முறை வந்ததும் கயல், செல்வி, அப்பா, நான் என நான்கு பேரும் உள்ளே போனோம். இளவயது மருத்துவர் அம்மா. “சொல்லுங்க, என்ன பண்ணுது?” என்று கயலைப் பார்த்துக் கேட்டார்.

செல்வி ஆரம்பித்தாள். “அவ ஒண்ணும் சாப்புட மாட்டேங்கிறா டாக்டர், நிச்சயம் முடிஞ்ச நாள்லேருந்து…”

“நீ சும்மா இரு” என்றார் அப்பா. “டாக்டரம்மா அவளைத்தான் கேட்டாங்க. அவ சொல்லட்டும்.” பிறகு கயல் பக்கம் குனிந்து, “சொல்லு ஆத்தா. ஒனக்கு என்ன வேணுமோ சொல்லு. தாத்தா கேக்குறேன்” என்றார்.

கயல் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மருத்துவர் அவசரப்படுத்தவில்லை.

“எனக்குத் தூக்கமே வரல டாக்டர்” என்றாள் கயல். குரல் துருப்பிடித்த மாதிரி இருந்தது. “கண்ணை மூடுனா நெஞ்சு அடைக்குது. எனக்கு இந்தக் கல்யாணம்…” நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

மருத்துவர், “ஒருத்தர் மட்டும் இருங்க, மத்தவங்க வெளியில” என்றார். கயல் என் விரலை விடவில்லை. செல்வி எழுந்து போனாள். அப்பா கடைசியாக வெளியே போய்க் கதவைச் சாத்தினார். கயல் மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை நிறுத்தவில்லை. வெளியே வரிசையில் நின்ற யாரோ, “எம்புட்டு நேரம்யா உள்ள?” என்று சத்தம் போட்டார்கள். கதவை ஒட்டினாற்போல் அப்பாவின் குரல் கேட்டது.

“உள்ள புள்ள பேசிக்கிட்டிருக்கு. கொஞ்சம் பொறுங்க. நேரமாகும்.”